குதிரைக் கால் முதல் ஒரகடம் லைன் வரை

பி.காம் படிக்கிற எல்லோரும் கில்பிரெத் என்ற பெயரைக் கடந்து வந்திருப்பீர்கள். மேனேஜ்மென்ட் பாடத்தில் டெய்லருக்கு அடுத்து ஒரு பத்தி. காஸ்ட் அக்கவுண்டிங்கில் லேபர் சாப்டரில் டைம் ஸ்டடி, மோஷன் ஸ்டடி என்று இரண்டு மார்க் கேள்வி. வேலையில் தேவையில்லாத அசைவுகளை நீக்குவது மோஷன் ஸ்டடி என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு கை நீண்டு ஒரு போல்ட்டை எடுப்பது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதில் எது தேவை, எது தேவையில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வெறும் கண்ணால் முடியாது. கேமராவால்தான் முடிந்தது. அந்தக் கேமராவின் கதை கலிஃபோர்னியாவில் ஒரு குதிரை ஓடுபாதையில் தொடங்குகிறது. நம்ம நீலகிரிக்கு வந்துபோன ஒரு வானியலாளரைத் தொட்டுக்கொண்டு பாரிஸ் போகிறது. அங்கிருந்து அமெரிக்கச் செங்கல் சுவர்களுக்குப் போய், கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் ஆலைகளுக்குள் வந்து நிற்கிறது. கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள்.

நான்கு கால்களும் அந்தரத்தில்

லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் கலிஃபோர்னியாவின் முன்னாள் கவர்னர், ரயில்வே முதலாளி, குதிரைப் பிரியர். (ஆமாம், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தை நிறுவியவரேதான்.) ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகின்றனவா என்பது அவருக்கு இருந்த கேள்வி. இதற்காக அவர் 25,000 டாலர் பந்தயம் கட்டினார் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. ஆனால் கேள்வி நிஜம், அதற்கு அவர் செலவழித்த பணமும் நிஜம்.

அவர் பிடித்த ஆள் எட்வர்ட் மைப்ரிட்ஜ். 1830-ல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்கா போன புகைப்படக்காரர். 1874-ல் மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்று, அடுத்த வருடம் விடுதலையான மனிதர். அது தனிப் பதிவாகவே எழுதக்கூடிய கதை, இங்கே வேண்டாம்.

1878 ஜூன் மாதம் பாலோ ஆல்டோவில் ஓடுபாதையின் ஓரமாக 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தினார் மைப்ரிட்ஜ். பாதையின் குறுக்கே நூல்கள். குதிரை ஓடும்போது ஒவ்வொரு நூலாக அறுபட, ஒவ்வொரு கேமராவின் ஷட்டராகத் திறந்து மூடியது. பத்திரிகைக்காரர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் எடுத்தார். படங்களைக் கழுவிப் பார்த்தால், நான்கு கால்களும் அந்தரத்தில்! ஆனால் ஓவியர்கள் அதுவரை வரைந்ததுபோல முன்னங்கால்கள் முன்னேயும் பின்னங்கால்கள் பின்னேயும் நீட்டியிருக்கும் நிலையில் அல்ல. பாய்ச்சலில் கால்கள் நான்கும் வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும் நொடியில்தான் குதிரை தரையைத் தொடாமல் இருந்தது. எத்தனையோ நூற்றாண்டுகளாக மனிதன் குதிரையைப் பார்த்துக்கொண்டே இருந்தும் பார்க்காத விஷயம் இது.

பிறகு 1884 முதல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனிதர்களையும் எடுத்தார். நடப்பவர்கள், படி ஏறுபவர்கள், வாளி தூக்கும் பெண்கள், பட்டறையில் சுத்தியல் அடிக்கும் கொல்லர்கள். பின்னணியில் கட்டம் போட்ட திரை. 1887-ல் 781 தாள்களாக அவை வெளிவந்தன. இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மார்த்தா பிரான் என்ற ஆய்வாளர் பின்னாளில் இவற்றை உன்னிப்பாகச் சோதித்து, பல தாள்களில் படங்கள் எடுத்த வரிசையில் இல்லை, விட்டுப்போன இடங்கள் வேறு படங்களால் நிரப்பப்பட்டிருக்கின்றன என்று காட்டினார். கட்டம் போட்ட திரையைப் பார்த்ததும் நமக்கு அறிவியல் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் எந்தப் படத்தை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தது ஒரு மனிதர்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சோலூருக்கு வந்த பிரெஞ்சுக்காரர்

இப்போது நம்ம ஊர்ப் பக்கம். 1868 ஆகஸ்ட் 18 அன்று ஒரு முழு சூரிய கிரகணம். அதைப் பார்க்க ஜூல் ஜான்சென் என்ற பிரெஞ்சு வானியலாளர் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு வந்தார். சூரியனின் விளிம்பில் எழும் தீச்சுவாலைகளைக் கிரகணம் இல்லாத நாளிலும் பார்க்க முடியும் என்று அங்கேதான் கண்டுகொண்டார். அடுத்து 1871 டிசம்பர் 12 கிரகணத்துக்கு மறுபடியும் வந்தார். இந்த முறை வந்த இடம் ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சோலூர்.

கிரகணத்தில் முக்கியமான காட்சிகள் சில நொடிகளில் முடிந்துவிடும். கண்ணும் கையும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. 1874-ல் சூரியனின் முகத்தைச் சுக்கிரன் கடக்கும் நிகழ்வு வந்தபோது ஜான்சென் ஜப்பானின் நாகசாகிக்குப் போனார். கையோடு ஒரு புதுக் கருவியையும் கொண்டுபோனார். ரிவால்வர் சுழல்வதுபோல உள்ளே தட்டு சுழன்று, 72 நொடிகளில் 48 படங்களைத் தானாக எடுக்கும் கேமரா. அதாவது ஒன்றரை நொடிக்கு ஒரு படம். சுக்கிரன் சூரியனின் விளிம்பைத் தொடும் நொடியைச் சரியாகப் பிடிப்பதுதான் நோக்கம். ஆனால் 1876-லேயே இந்தக் கருவியை வைத்து விலங்குகளின் நடையையும் பறவைகள் பறப்பதையும் ஆராயலாம் என்று ஜான்சென் பேசிவிட்டார். அதை நடத்திக் காட்டியவர் இன்னொரு பிரெஞ்சுக்காரர்.

கறுப்பு உடையில் வெள்ளைக் கோடு

எத்தியன்-ஜூல் மாரே. மைப்ரிட்ஜ் பிறந்த அதே 1830-ல் பிறந்து, அவர் இறந்த அதே 1904 மே மாதத்தில் இறந்தவர். ஆனால் ஆள் நேர் எதிர். மைப்ரிட்ஜ் புகைப்படக்காரர், மாரே உடலியல் மருத்துவர். நாடித் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும் கருவி செய்தவர். ஓடுபவர்களின் ஷூவுக்கு அடியில் காற்றுப் பை வைத்து, கால் எப்போது தரையைத் தொடுகிறது என்று பதிவு செய்தவர். விலங்குகளின் நடையைப் பற்றி 1873-ல் அவர் எழுதிய புத்தகம்தான் ஸ்டான்ஃபோர்டையே தூண்டியது.

1882-ல் அவர் செய்தது ஒரு புகைப்படத் துப்பாக்கி. பார்க்கத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். விசையை இழுத்தால் நொடிக்கு 12 படம். பறவைகளைக் குறிபார்ப்பார், ஒன்றும் விழாது, ஆனாலும் சந்தோஷமாகத் திரும்புவார். நேப்பிள்ஸ் பக்கத்துக் கிராமத்தார் அவரைப் பைத்தியம் என்று நினைத்தார்களாம்.

அதே வருடம் பாரிஸில் அரசு உதவியோடு ஒரு ஆய்வு நிலையம் தொடங்கினார். அங்கே அவர் கண்டுபிடித்த முறைதான் நமக்கு முக்கியம். மைப்ரிட்ஜ் பல கேமராக்களில் பல படங்கள் எடுத்தார். மாரே ஒரே கேமராவில், ஒரே தட்டில், அசைவின் எல்லா நிலைகளையும் அடுத்தடுத்துப் பதித்தார். ஆனால் மெதுவான அசைவில் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பின. அதற்கு அவர் ஆளுக்குத் தலை முதல் கால் வரை கறுப்பு உடை போட்டு, கை கால் நெடுக வெள்ளைக் கோடும் மூட்டுகளில் வெள்ளைப் புள்ளியும் வைத்து, கறுப்புத் திரைக்கு முன்னால் நடக்கவிட்டார். படத்தில் ஆள் காணாமல் போய்விட்டார்! கோடுகள் மட்டும் விசிறி மாதிரி விரிந்து நின்றன. 2014-ல் வந்த கோச்சடையான் படத்துக்காக நடிகர்கள் உடம்பில் புள்ளிகள் ஒட்டி மோஷன் கேப்சர் செய்தார்களே, அந்த யோசனையின் பாட்டன் இதுதான்.

மாரேவுக்குக் குறைந்த உழைப்பில் உடம்பு எப்படி நகர்கிறது என்று தெரிய வேண்டும். சிப்பாய் எந்த வேகத்தில், எவ்வளவு சுமையோடு நடந்தால் களைக்க மாட்டான்? ராணுவத்துக்கும் அந்தக் கேள்வியில் ஆர்வம் இருந்தது. அவரோடு சேர்ந்து வேலை செய்த சார்ல் ஃப்ரெமோன் 1890-களின் மத்தியில் சம்மட்டி அடிக்கும் கொல்லர்களைப் படம்பிடித்து அவர்களுடைய கை ஓடும் பாதையை வரைந்தார். கேமரா பட்டறைக்குள் நுழைந்துவிட்டது.

கொத்தனாரின் 18 அசைவுகள்

ஃபிராங்க் கில்பிரெத் பிறந்தது 1868-ல். ஜான்சென் குண்டூருக்கு வந்த அதே வருடம். 17 வயதில் கொத்தனார் வேலை கற்கப் போனார். அங்கே ஒரு வேடிக்கையைக் கவனித்தார். ஒரே கொத்தனார் மெதுவாக வேலை செய்யும்போது ஒரு விதமாகவும், வேகமாகச் செய்யும்போது வேறு விதமாகவும், சின்னப் பையனுக்குச் சொல்லித்தரும்போது மூன்றாவது விதமாகவும் கையை அசைக்கிறார். எது சரி?

நம்ம ஊரில் வீடு கட்டும் இடத்தில் போய் நின்று பாருங்கள். கொத்தனார் குனிந்து கல்லை எடுப்பார், புரட்டி நல்ல பக்கம் பார்ப்பார், கலவையைப் போட்டுக் கல்லை வைப்பார், கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவார். கில்பிரெத் இதில் ஒவ்வொன்றாகக் கை வைத்தார். கற்களும் கலவையும் இடுப்பு உயரத்தில் இருக்கும்படி சாரத்தை மாற்றினார். சித்தாளே கற்களை நல்ல பக்கம் பார்த்து அடுக்கித் தந்தார். கையால் அழுத்தினாலே கல் அமரும் பதத்தில் கலவை. முடிவில் ஒரு செங்கல்லுக்கு 18 அசைவுகள் 5 ஆகக் குறைந்தன என்றும், மணிக்கு 120 கல் வைத்தவர் 350 கல் வைத்தார் என்றும் டெய்லர் 1911-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார்.

1912 வாக்கில் கில்பிரெத் சினிமா கேமராவைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோனார். மைப்ரிட்ஜ் பாணியில் பின்னால் கட்டம் போட்ட திரை, கூடவே வேகமாகச் சுழலும் ஒரு கடிகாரம். அதற்குப் பிறகு இன்னொரு முறை. தொழிலாளியின் விரலில் சின்ன பல்பு கட்டி, ஷட்டரைத் திறந்தே வைத்துவிடுவார். கை போன பாதை முழுவதும் ஒளிக்கோடாகப் பதியும். மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்தால் கோடு புள்ளிகளாக உடையும், புள்ளிகளை எண்ணினால் நேரம் தெரியும். மாரேவின் வெள்ளைக் கோடு இங்கே வெளிச்சக் கோடாக மாறிவிட்டது. அந்தப் பாதைகளைக் கம்பியில் வளைத்து மாதிரிகளும் செய்தார், தொழிலாளிகள் பார்த்துக் கற்றுக்கொள்ள.

அசைவுகளைத் தேடுதல், பற்றுதல், தூக்கிச் செல்லுதல், பொருத்துதல் என்று அடிப்படை அலகுகளாகவும் பிரித்தார். அந்த அலகுக்குப் பெயர் தெர்ப்லிக். அவர் பெயரையே திருப்பிப் போட்டது!

ஸ்டாப் வாட்சுக்கு எதிரான வேலைநிறுத்தம்

தொழிலாளிகள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? 1911 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில், ஸ்டாப் வாட்ச் வைத்து நேரம் பார்த்ததை எதிர்த்து வார்ப்புத் தொழிலாளிகள் வெளிநடப்பு செய்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1915-ல் அரசு ஆலைகளில் இந்த நேரக் கணக்குக்கு அரசுப் பணம் செலவழிக்கக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் தடையே போட்டது.

கில்பிரெத் இதில் டெய்லரோடு முரண்பட்டார். ஸ்டாப் வாட்சில் மேற்பார்வையாளர் எழுதுவதுதான் கணக்கு, ஃபிலிமை யார் வேண்டுமானாலும் திரும்பப் போட்டுப் பார்க்கலாம் என்பது அவர் வாதம். அவருடைய மனைவி லில்லியன் கில்பிரெத் உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். இருவரும் சேர்ந்து 1916-ல் சோர்வைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார்கள். கைக்குட்டை மடிக்கும் பெண்களின் ஒரு மணி நேரத்தைப் பத்துத் துண்டாக்கி, பெரும்பாலான துண்டுகளில் 5 நிமிடம் வேலை, 1 நிமிடம் ஓய்வு. சிலவற்றில் உட்கார்ந்து, சிலவற்றில் நின்று. உற்பத்தி குறையவில்லை, பல மடங்கு கூடியது என்கிறார்கள். தொழிலாளிக்கு ஏற்ற நாற்காலிகளைச் சேகரித்து ஒரு சின்ன அருங்காட்சியகமே வைத்திருந்தார்கள். நம் பாடப் புத்தகத்தில் கில்பிரெத்தின் செங்கல் வருகிறது. நாற்காலி ஏனோ வருவதில்லை.

ஃபிலிமிலிருந்து அட்டவணைக்கு

1948-ல் ஹெரால்ட் மேனார்டும் அவருடைய இரண்டு சகாக்களும் எம்.டி.எம். என்ற முறையை வெளியிட்டார்கள். நொடிக்கு 16 ஃபிரேம் ஓடும் ஃபிலிமில் தொழிலாளிகளை எடுத்து, இத்தனை அங்குலம் கை நீட்ட இவ்வளவு நேரம், பிடிக்க இவ்வளவு நேரம் என்று அட்டவணை போட்டார்கள். அலகின் பெயர் டி.எம்.யு., ஒரு மணி நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது 0.036 நொடி. இனிமேல் ஒவ்வொருவரையும் படம்பிடிக்க வேண்டாம், அட்டவணையைக் கூட்டினால் போதும்.

இங்கேதான் மைப்ரிட்ஜின் கட்டம் போட்ட திரை ஞாபகம் வர வேண்டும். ஃபிலிமில் இருந்த ஆள் வேகமாக வேலை செய்தாரா, சாதாரண வேகமா? அதை ஃபிலிம் சொல்லாது. பார்த்தவர்கள் ஒரு மதிப்பீடு போட்டு, நேரத்தைச் சரிசெய்தார்கள். 0.036 என்று மூன்று தசமத்தில் வரும் எண்ணுக்குள்ளும் ஒருவருடைய தீர்ப்பு ஒளிந்திருக்கிறது.

இந்தியாவுக்கு இந்த அறிவு முறையாக வந்தது 1952-ல், சர்வதேச தொழிலாளர் அமைப்பின் உற்பத்தித்திறன் குழு வழியாக. பம்பாய், அகமதாபாத் துணி ஆலைகளிலும் கல்கத்தா இன்ஜினியரிங் ஆலைகளிலும் வேலை செய்தார்கள். 1957-ல் அந்த அமைப்பு வெளியிட்ட வொர்க் ஸ்டடி புத்தகம் இன்ஜினியர்களின் வேதமானது. 1958-ல் நமது தேசிய உற்பத்தித்திறன் குழு பிறந்தது. அந்தப் புத்தகத்தில் எடுத்துக்காட்டாகத் தந்த ஒரு அட்டவணையில், நின்றுகொண்டே வேலை செய்பவருக்குக் கூட்டித் தர வேண்டிய நேரம் ஆணுக்கு 2 சதவீதம், பெண்ணுக்கு 4 சதவீதம். நூறு நொடி நின்றால் இரண்டு நொடி!

நம்ம ரோட்டில்

இருங்காட்டுக்கோட்டையில் 1996-ல் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து இந்த வட்டாரம் மாறத் தொடங்கியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-ல் மூடியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான். விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவதை இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

ஒரு கணக்கு போடுவோம். காமர்ஸ்காரன் வேறென்ன செய்வான்? ஒரு லைனில் 60 நொடிக்கு ஒரு பொருள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம் (இது உதாரணம்தான், எந்த ஆலையின் எண்ணும் அல்ல). 8 மணி நேர ஷிஃப்டில் 28,800 நொடி, 480 பொருள். மோஷன் ஸ்டடி செய்து ஒரு நொடி மிச்சப்படுத்துகிறோம். 480 நொடி மிச்சம், அதாவது 8 நிமிடம். இந்த 8 நிமிடம் யாருடையது?

லைனை 59 நொடிக்கு மாற்றினால் 488 பொருள் வரும். எட்டு அதிகம். மாற்றாமல் விட்டால் தொழிலாளிக்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நொடி மூச்சு. இரண்டுக்கும் நடுவே பங்குபோடவும் செய்யலாம். நாம் பரீட்சைக்குப் படிக்கும் ஹால்சி பிளான் அதுதானே? 10 மணி நேர வேலையை 8 மணியில் முடித்தால், மிச்சமான 2 மணியில் பாதிக்குக் கூலி. மீதிப் பாதி முதலாளிக்கு. எத்தனையோ கணக்கு போட்டிருப்போம். அந்த இரண்டு மணி நேரம் யாருடைய தோளிலிருந்து வந்தது என்று எந்தக் கணக்கிலும் கேட்டதில்லை.

இது ஏட்டுக் கேள்வி இல்லை. 2021 மே மாதம் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, ரெனோ-நிஸ்ஸான் ஆலையின் தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. லைனில் கார்கள் நெருக்கமாக வருவதால் ஆட்கள் இடைவெளி விட்டு நிற்க முடியவில்லை என்பது புகார். எத்தனை காருக்கு ஓர் இடத்தைக் காலியாக விடுவது என்பது நீதிமன்றத்தில் வாதமானது. அதிகாரியை ஆலைக்கே போய்ப் பார்க்கச் சொன்னது நீதிமன்றம். லைனில் ஒரு காலி இடம் என்றால் சில நொடிகள். அந்தச் சில நொடிகளுக்காக ஒரு வழக்கு.

நாற்காலியையும் பாருங்கள். நின்று வேலை செய்பவர்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் உட்கார வசதி வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவிலேயே எழுதினார்கள். கடைகளில் நிற்கும் ஊழியர்களுக்கு அந்த உரிமை தமிழ்நாட்டில் சட்டமாக 2021 ஆக வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் இருக்கிறார். கை வேலை கஷ்டமா அக்கா என்று கேட்டேன். "கை பழகிடுச்சுப்பா. கால்தான் ராத்திரியில தூங்க விடமாட்டேங்குது" என்றார். கையை மட்டும் படம்பிடித்தால் இது எந்த ஃபிலிமிலும் வராது.

2023 ஏப்ரல் 21 அன்று, ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்து, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். வாரத்துக்கு மொத்த நேரம் அதேதான் என்பது மசோதாவுக்குச் சொன்ன நியாயம். மணிக்கணக்கில் அது சரி. ஆனால் காலை பத்து மணிக்கு ஒரு அசைவை அளந்து போட்ட நேரம், பதினோராவது மணி நேரத்தில் அதே உடம்புக்குப் பொருந்துமா?

என் கருத்து

மோஷன் ஸ்டடி கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு செங்கல்லுக்கு ஒரு முறை என்று நாள் முழுக்கக் குனிந்த கொத்தனாரின் முதுகை நிமிர்த்தியதும் அதுதான். கேமரா இல்லையென்றால் அந்தக் குனிதல் வீண் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. ஸ்டான்ஃபோர்டின் குதிரையைப் போலத்தான், கண்ணெதிரே நடந்தும் யாரும் பார்க்கவில்லை.

என் கேள்வி ஒன்றுதான். படம் எடுக்கப்படுபவருக்கு அந்தப் படத்தைப் பார்க்கும் உரிமை உண்டா? ஃபிலிமை யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம் என்று கில்பிரெத் பெருமையாகச் சொன்னார். அப்படியானால் லைனில் நிற்பவருக்கும் தன் வேலைக்கு எத்தனை நொடி போட்டிருக்கிறார்கள், அதில் ஓய்வுக்கு எவ்வளவு, மிச்சமான நொடி எங்கே போனது என்று தெரிய வேண்டும். தெரிந்தால்தான் பேரம் பேச முடியும். இப்போது கேமராவோடு கம்ப்யூட்டரும் சேர்ந்து அசைவுகளைத் தானே எண்ணும் காலம். எண்ணுவது சுலபமாக ஆக ஆக, இந்தக் கேள்வி பெரிதாகத்தான் ஆகும்.

நாளைக்கு நம்மில் பலர் இதே ரோட்டில் ஏதாவது ஒரு ஆலையில் அக்கவுண்ட்ஸிலோ எச்.ஆரிலோ உட்காரப் போகிறோம். ஸ்டாண்டர்ட் டைம் என்ற எண் எக்செல் ஷீட்டில் ஒரு கட்டத்தில் வந்து நிற்கும். அது ஒருவருடைய கை, கால், முதுகு என்று ஞாபகம் இருந்தால் போதும்.

லைனில் வேலை செய்பவர்கள், செய்தவர்கள் யாராவது படித்தால் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். உங்கள் இடத்தில் மிச்சமான நொடி யாருக்குப் போனது?